இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில்

நான் குடும்பக் கதைகள் எழுதுகிறவள். பிரிந்தவர்களைக் கடைசி அத்தியாயத்தில் சேர்த்து வைப்பது என் பழக்கம். இதில் யாரும் சேரவில்லை. இது கதையும் இல்லை. போன நோன்பு மாதத்தில், சுங்கை பினாங்கில் என் சொந்த வீட்டில் நடந்தது. நேரத்தை நான் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. ஒலிப்பதிவில் இருக்கிறது.

கோலாலம்பூர் நிறுவனம் ஒன்று என் நாவலை என் குரலிலேயே ஒலிநூலாகக் கேட்டது. பத்து வருடத்தில் கிடைத்த முதல் நல்ல வாய்ப்பு. ஒரே நிபந்தனை, பின்னால் ஒரு சத்தமும் கூடாது. என் கணவர் சிவநேசன் காரை வெளியே நிறுத்திவிட்டு, கராஜை எனக்கு ஸ்டூடியோவாக ஒழித்துக் கொடுத்தார்.

தொல்லை கராஜின் ஜன்னல்தான். ஒரு கை நீளச் சந்து, அதற்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஹாஜரா அக்காவின் சமையலறை ஜன்னல். தனியாக இருந்தார். முட்டி வலி, கேட் வரை நடக்க மாட்டார். நோன்பு மாதம் முழுக்க மாலை ஐந்து மணி வாக்கில், கரண்டிக் காம்பால் என் கண்ணாடியை மூன்று முறை தட்டுவார்.

"தங்கச்சி, மங்கைப் புடிலா. கை சுடுது."

மங்கு என்றால் எனாமல் கிண்ணம். அது நிறைய நோன்புக் கஞ்சி. நான் அந்த மங்கை வெறுமையாகத் திருப்ப மாட்டேன். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போடுவேன். பதினோரு வருடமாக இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி மாட்டுகிற ஹஸ்ருல் வந்தான். பழைய கண்ணாடியைத் துடைத்து, நான்கு விரல் இடைவெளி விட்டு, உள்பக்கம் இன்னொரு கனத்த கண்ணாடி. சுற்றிலும் ரப்பர், பசை.

"தெறக்கிற மாதிரி வைக்கவா அக்கா?"

"வேணாம். அடைச்சிடு."

"பக்கத்து வீட்ல சொல்லிட்டீங்களா?"

"நான் சொல்லிக்கிறேன்."

சொல்லவில்லை. 'உங்கள் சத்தம் எனக்கு இடைஞ்சல்' என்று எப்படிச் சொல்வது? சனிக்கிழமை தந்த மங்கு என் அடுப்படியிலேயே கிடந்தது. திருப்பினால் ஜன்னலைப் பற்றிப் பேச வேண்டுமே. கறுப்புத் திரையை இழுத்து விட்டேன்.

திங்கட்கிழமை நாலரையிலிருந்து ஆறரை வரை வாசித்தேன். பதிவைக் கேட்ட நிறுவனத்துப் பெண், "கெணத்துக்குள்ள மாதிரி அமைதிக்கா" என்றாள். எனக்குப் பெருமை.

செவ்வாய். மாலை 5.10.

டொக்... டொக்... டொக்.

ஹெட்போனைக் கழற்றினேன். ஒன்றும் இல்லை. மாட்டினேன்.

டொக்... டொக்... டொக்.

அக்காதான் என்று நினைத்தேன். எரிச்சலாக இருந்தது. திரையை விலக்கினேன். எதிர் ஜன்னலில் யாரும் இல்லை. பகலிலேயே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. முகம் அளவுக்கு. விரலால் துடைத்தேன். போகவில்லை. அது உள்பக்கம் இல்லை. வெளிப்பக்கமும் இல்லை.

இரண்டுக்கும் நடுவில்.

புதன். 5.10. மறுபடி மூன்று தட்டு. தட்டட்டும் என்று விட்டுவிட்டேன். ஆம், அப்படித்தான் நினைத்தேன். மைக்கை அணைத்தேன்.

கணினித் திரையில் ஒலிக்கோடு துள்ளிக்கொண்டே இருந்தது.

வியாழன். 5.08. மைக்கின் வயரையே பிடுங்கிப் போட்டேன். ஹெட்போனை மட்டும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

5.09. இஞ்சி, வெந்தய வாசனை. காற்றுப் புகாத அறையில்...

5.10.

டொக்.

டொக்.

மூன்றாவது வரவில்லை.

காதோரம் மூச்சு.

"தங்கச்சி... மங்கு..."

ஓடினேன்.

அக்கா வீட்டுக் கேட் பூட்டியிருந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. செபராங் ஜெயாவில் இருக்கும் அவர் மகன் முகம்மது சுல்தானுக்குப் போன் செய்தேன். வழக்கமாக வெள்ளிக்கிழமைதான் வருவார். அன்றே கிளம்பி, பினாங்குப் பாலத்து நெரிசலைத் தாண்டி வந்து கதவைத் திறக்கும்போது மணி ஏழு.

சமையலறை ஜன்னலுக்குக் கீழே கிடந்தார். கையில் கரண்டி. அடுப்பில் கஞ்சி புளித்து நுரைத்திருந்தது.

"மூணு நாளா உம்மா போன் எடுக்கல. சார்ஜ் போட்டிருக்க மாட்டாங்கன்னு விட்டுட்டேன்" என்றார் சுல்தான். பிறகு என்னைப் பார்த்தார். "பக்கத்துலதானே இருந்தீங்க அக்கா? உங்க ஜன்னலைத் தட்டியிருப்பாங்களே?"



மறுநாள் டாக்டர் சொன்னதைச் சுல்தான் வந்து சொன்னார். மாரடைப்பு. உடனே போகவில்லை. ஒரு மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும்.

திங்கட்கிழமை மாலை. ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில்.

ஹஸ்ருலைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் பிரிக்கச் சொன்னேன். அவன் ஞாயிறன்று துடைத்த பழைய கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்க, கரண்டிக் காம்பு பட்டுப் பொறிந்த வெள்ளைப் புள்ளிகள். எண்ண முடியவில்லை. பிறகு புதுக் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

அதில் பதினோரு புள்ளிகள். இடைவெளியைப் பார்த்த பக்கத்தில்.

"இங்க கையே போகாதேக்கா..." என்றான்.

செவ்வாயும் புதனும் பதிவில் இருக்கின்றன. அவற்றை நான் திறப்பதில்லை. திங்கட்கிழமைப் பதிவைத்தான் தினமும் கேட்கிறேன். நாலரையிலிருந்து ஆறரை வரை, சத்தத்தை முழுதாகக் கூட்டி.

என் குரலைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை.