ஆற்றுக்குள் நின்ற நூற்றைம்பது குதிரைகள்

மாலை நான்கு நாற்பதுக்கு எங்கள் கார் வறண்ட காவிரிக்குள், எதிர்க்கரை ஏற்றத்தில் நின்றுபோனது. கல்யாண வரவேற்புக்கு நேரமாகிவிட்டதென்று, "பாலத்தைச் சுத்திப் போக வேணாம், ஆத்துல எறங்கிப் போ. அணையில தெறந்த தண்ணி நாளைக்குத்தான் வரும்" என்று மகனிடம் சொன்னவள் நான்தான்.

பந்தயத்துக்காக இரண்டு வருஷம் பாடுபட்டு அவனே இன்ஜினை மாற்றியமைத்த கார் அது. நூற்றைம்பது குதிரைத்திறன். மெதுவாக ஏற்றினால் இன்ஜின் அணைந்தது. முடுக்கினால் சக்கரம் மணலைத் தோண்டியது.

"இன்ஜின் உச்ச வேகத்துல சுத்துனாத்தாம்மா பவரெல்லாம் வரும். மெதுவா சுத்துனா டார்க் இல்ல, சக்கரத்தை உருட்டுற பலமே இல்ல" என்றான்.

அப்போதுதான் மேற்கே நுரையும் சருகுமாகத் தண்ணீர் ஊர்ந்து வருவதைப் பார்த்தேன்.

"எறங்குடா!"

"நீ போம்மா. வண்டிய விட்டுட்டு வரமாட்டேன்."

கரையேறி, கண்ணில் பட்ட டிராக்டரை நோக்கிக் கத்திக்கொண்டே ஓடினேன். முப்பத்தைந்து குதிரைத்திறன் பழைய வண்டி. ஓட்டி வந்த பெண் கரையில் நிறுத்திக் காரில் சங்கிலியை மாட்டினார்.

"தம்பி, ஆக்சிலேட்டரத் தொடாத. சும்மா ஸ்டியரிங்க மட்டும் புடி."

டிராக்டர் உறுமவில்லை, அவசரப்படவில்லை. தாழ்ந்த கியரில், ஆள் நடக்கும் வேகத்தில், என் பிள்ளையைக் காரோடு மேலே கொண்டுவந்தது. வேகமாக ஓடுவதைத்தான் பலம் என்று இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன். நாங்கள் நின்ற இடத்தைத் தண்ணீர் மூடியது.

கைகூப்பி அழுதேன். அந்தப் பெண் ஆற்றைப் பார்த்துச் சிரித்தார்.

"அழாதீங்கக்கா. இந்தத் தண்ணிக்குத்தான் நாங்க அஞ்சு மாசமா காத்துக் கெடந்தோம்."