ரேகை பதியாதவர்களின் மாலை வகுப்பு

மாடிப்படிக்குக் கீழே அந்தக் கைரேகைக் கருவியை மாட்டிய அன்று எங்கள் பதிவாளர் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். புது வண்டி வாங்கியவர் போல அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கும்மிடிப்பூண்டியை ஒட்டிய அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் நான் அப்போது வேதியியல் விரிவுரையாளர். தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்களுக்காக மாலையில் ஒரு பட்ட வகுப்பு நடத்தினோம். பதிவாளர் பிடிவாதமாகத் தொடங்கியது அது. முதல் ஷிப்ட் முடிந்தவர்கள் முகம் கழுவி, டீ குடித்துவிட்டு வந்து உட்காரும்படி அவரே நேரம் வகுத்திருந்தார். "கட்டடத்தை நம்பி யுனிவர்சிட்டி நிக்காதும்மா. சுத்தி இருக்கிற ஜனம் உள்ள வரணும்" என்பார்.

பல்கலைக்கழகம் நிலைத்து நிற்க வேண்டும் என்ற கவலை நிர்வாகத்துக்கும் இருந்தது. அதற்காகவே ஆலோசகர்களை வரவழைத்தார்கள். ஆள் வராத வகுப்புகளை மூடினால்தான் மற்றவை பிழைக்கும் என்று அவர்கள் படம் போட்டுக் காட்டினார்கள். மாலை வகுப்புக்கு யாரும் வருவதே இல்லை என்று ஒரு பேச்சும் கிளம்பியது. பதிவாளருக்கு ரோஷம் வந்துவிட்டது. போராடி அந்தக் கருவியை வாங்கினார். யார் வருகிறார்கள் என்று இனி அதுவே சொல்லட்டும் என்றார்.

உருக்காலையில் கம்பி பிடித்தும், ரசாயன ஆலையில் டிரம் கழுவியும் தேய்ந்த விரல்களில் அதற்கு ரேகையே தெரியவில்லை. அத்திப்பட்டிலிருந்து வந்த ஒரு மாணவி, வகுப்பிலேயே கெட்டிக்காரி, கட்டைவிரலைத் துப்பட்டாவில் துடைத்துத் துடைத்து வைப்பாள். "இன்னா மேடம் இது, என்னை ஆளாவே மதிக்க மாட்டேங்குது" என்று சிரிப்பாள். பட்டம் வாங்கிவிட்டால் டிரம் கழுவுவதிலிருந்து சோதனைக்கூடத்துக்கு மாற்றுவதாக அவளுடைய கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். நாங்களும் சிரித்தோம். தாளில் கையெழுத்து வாங்கி வைத்தோம், பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று.

பருவ முடிவில் நிர்வாகக் கூட்டத்துக்குப் பதிவாளர் என்னையும் அழைத்துப் போனார். திரையில் மாலை வகுப்பின் வருகை ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. "தினமும் கண்ணால பாக்கிறேன் சார், பெஞ்சு நிறைய வராங்க" என்று அவர் கையெழுத்துத் தாள்களை நீட்டினார். "மெஷின் நீங்க கேட்டு வாங்கினதுதானே சார்?" என்றார் தாளாளர், மிகுந்த மரியாதையுடன். பதிவாளர் நீட்டிய தாள்களைத் திரும்ப எடுத்து அடுக்கிக்கொண்டார். நான் ஏதோ சொல்ல எழுந்தேன். அதற்குள் தண்ணீர் சிக்கனம் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

மாலை வகுப்பை மூடிவிட்டு, மிச்சமிருந்த ஓராண்டைப் பகல் வகுப்பில் முடித்துக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்தார்கள். பகலில் வந்தால் வேலைக்கு யார் போவது? அதை மாணவர்களிடம் சொல்லும் பொறுப்பும் பதிவாளர் தலையிலேயே விழுந்தது. சொல்லி முடித்ததும் யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். சில மாதங்களில் அவர் ஓய்வு பெற்றுப் போனார். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். வளாகம் பச்சைப் பசேல் என்றிருக்கிறது, விருதுகூட வாங்கிவிட்டோம்.

போன வாரம் மாலை ரயிலில், பெண்கள் பெட்டியில், அந்த மாணவியைப் பார்த்தேன். கம்பெனிச் சீருடையில் இருந்தாள். இன்னும் டிரம் கழுவுகிற வேலைதான். "லேபுக்கு வேற பொண்ணு வந்துகீது மேடம். பகல் கிளாஸ்ல உங்ககிட்டதான் படிச்சுதாம். நல்ல பொண்ணு" என்றாள். கூட்டத்தில் நான் தடுமாறுவதைப் பார்த்து எழுந்துகொண்டாள். "உக்காருங்க மேடம். நாள் பூரா நின்னுகினே பாடம் எடுத்திருப்பீங்க." வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அத்திப்பட்டு வரும்வரை அவள் நின்றுகொண்டே வந்தாள். நான் உட்கார்ந்திருந்தேன்.