கரும்பலகையில் என் அண்ணன்

நான் புளுகன்தான். மானிடவியல் பேராசிரியராக இருந்தபோது, காட்டில் பார்த்த ஒரு பாம்பை வகுப்பில் வருஷத்துக்கு இரண்டடி வளர்த்தேன். நான் ஓய்வு பெறும்போது அது ரயில் நீளத்துக்கு வந்துவிட்டது. ஆனால் இந்த விஷயத்தில் ஓர் அங்குலம்கூடச் சேர்க்கவில்லை. சேர்க்கத் தேவையே இல்லை.

அன்று என் கடைசி வகுப்பு. பாடம், உறவுமுறைப் படம். முக்கோணம் ஆண். வட்டம் பெண். இறந்தவர் மேல் ஒரு குறுக்குக் கோடு. உதாரணத்துக்கு எப்போதும் என் குடும்பம்தான். அப்பா, அம்மா மேல் கோடு. கீழே அண்ணன், அண்ணி. பக்கத்தில் நானும் மனைவியும். யாரிலிருந்து படம் தொடங்குகிறதோ அவரை நிரப்பி வரைவது வழக்கம். அதனால் என் முக்கோணம் மட்டும் முழு வெள்ளை.

மாணவர்கள் கைதட்டிவிட்டுப் போனார்கள். நானும் கிளம்பினேன். மூக்குக்கண்ணாடியை மறந்து திரும்பி வந்தபோது மாலை ஆறேகால். கட்டடத்தில் ஈ காக்கை இல்லை.

கரும்பலகையில் அண்ணன் மேல் ஒரு கோடு.

எவனோ ஒரு வாலுப்பயல் வேலை. அழித்துவிட்டுத் திரும்பினேன்.

க்ரீச்...

மறுபடி கோடு.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"உயிரோடதான் இருக்கியாண்ணே?"

"டேய் புளுகுமூட்டை! செத்தா முதல்ல உனக்குத்தான்டா போன் பண்ணுவேன்." சிரித்தான். சிரிப்பு இருமலானது. "இருடா... நெஞ்சை என்னமோ பிடிக்குது..."

க்ரீச்... கோடு தடித்தது.

துடைத்தேன். வந்தது.

துடைத்தேன். வந்தது.

முக்கோணமே இல்லாவிட்டால் கோடு எங்கே விழும்? பேராசிரியர் மூளை! அண்ணனை மொத்தமாக அழித்தேன்.

இருமல் நின்றது.

போனில் அண்ணியின் குரல். "ஹலோ?"

"அண்ணி, அண்ணனுக்கு என்ன ஆச்சு?"

"எந்த அண்ணன்? யாருங்க வேணும் உங்களுக்கு?"

முப்பது வருஷமாக என்னைக் கொழுந்தனாரே என்று வம்புக்கு இழுத்தவள்.

வீட்டில் மனைவி சிரித்தாள். "உங்க வீட்டுல நீங்க ஒத்தைப் பிள்ளைதானே? ரிட்டையர் ஆன அன்னைக்கே புதுக் கதையா?"

அழுகை வரவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. செத்திருந்தால் கூட அழ நாலு பேர் இருந்திருப்பார்கள். பிறக்கவே பிறக்காதவனுக்கு யார் அழுவது?

போன வாரம் போன் வந்தது. என் வகுப்பை இப்போது நடத்தும் பெண். என் பழைய மாணவி.

"சார், ஒரு வேடிக்கை. நீங்க வரையற அந்த நிரப்பின முக்கோணம் போர்டுல தானா வந்திருக்கு. மேல ஒரு கோடு வேற. கோட்டை அழிச்சா திரும்பத் திரும்ப வருது. முக்கோணத்தையே அழிச்சிடட்டுமா?"

"முதல்ல டஸ்டரைக் கீழே வைம்மா," என்றேன். "கோடு இருந்துட்டுப் போகட்டும்."