அரக்குச் சிவப்பில் ஒரு விறகு

கன்னியம்மாள் கட்டைவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சேத்துப்பட்டிலிருந்து வந்த லோடு. இலை கிடையாது, எல்லாம் பிளந்த கட்டை. மொத்தமும் புளி என்று டிரைவர் சாதித்தார். அவள் பட்டையில் ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டுத் துப்பினாள். பாதி வேம்பு அண்ணே என்று சொல்லிவிட்டு, இரண்டு குவியலாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.

புளி என்றால் நடுவில் கருஞ்சிவப்பாக வைரம் ஓடும். புங்கனைப் பிளந்தால் பச்சை அவரைக்காய் வாசம் வரும். ஒதியனை உரித்தால் பட்டை நாராகக் கிழியும். ஆரணியை ஒட்டிய சேவூரில் அவள் விறகுக் கடையைச் சுற்றிப் பட்டுக்குச் சாயம் போடும் பட்டறைகள். கொப்பரைக்கு அடியில் தீ சீராக நிற்காவிட்டால் நூலில் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். ஆகவே இந்தத் தெருவில் அவள் சொன்னதுதான் மரம்.

பட்டறைக்காரர் சின்னதுரைக்கு மனைவி போய்ச் சில வருஷமாகிறது. கன்னியம்மாளின் புருஷன் அதற்கும் முன்னால் போனவர். பொங்கல் கழிந்து விறகு வாங்க வந்த சின்னதுரை, நாம் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்தால் என்ன என்று கேட்டுவிட்டார். வேலூரில் இருக்கும் அவர் மகள் கீதாவுக்கும் சம்மதமாம். கன்னியம்மாளுக்குச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"எனக்குத் தெரியாத வெறகு ஒண்ணு எடுத்தாந்து காட்டுங்க. அன்னிக்கு சரின்னு சொல்றேன்."

அதுதான் வினையாயிற்று. அவளுக்குத் தெரியாத விறகு ஆரணியில் ஏது? அவர் துண்டில் சுற்றி ஏதாவது ஒரு கட்டையோடு வருவார். வண்டிக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் வாகை, நுணா, இலுப்பை என்று இவள் வாய் முந்திக்கொள்ளும். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வாள். அவர் முகம் தொங்கப் போவார். தேவிகாபுரம் வரை போய் ஒரு கட்டை பொறுக்கி வந்தார், அதையும் சொல்லிவிட்டாள்.

எதிரே டீக்கடை முனியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "லாரிக்காரர்லேர்ந்து போலீஸ்காரர் வரைக்கும் உனக்கு அண்ணன். இவர மட்டும் ஒரு வாட்டி அண்ணேன்னு கூப்ட்டிருப்பியா? தெருவே பாத்துகினு கீது. ஜல்தியா தோத்துத் தொலையேன்டி."

அன்று சாயங்காலம் சின்னதுரை துண்டைப் பிரித்தபோது உள்ளே இருந்தது செக்கச்செவேலென்ற கட்டை. பட்டையே இல்லை. ஆந்திரா மலையில் கிடைத்தது என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கன்னியம்மாள் வாங்கிப் பார்த்தாள். கனமே இல்லை. சோப்பும் சாயமும் மணந்தது. நகத்தை வைத்தாள். பூசணிக்காயில் இறங்குவது போல இறங்கியது, கீழே வெள்ளை. போன வாரக் காற்றில் அவர் கொல்லையில் விழுந்த மரம், தெருவே கீரை பறித்துத் தின்ற மரம். அதைச் சீவிக் கொப்பரையில் போட்டு, முகூர்த்தப் புடவைக்குப் போடும் அரக்கை ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார் மனிதர்.

முருங்கை என்ற பேர் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. உதட்டை இறுக்கி விழுங்கினாள். வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பித் தோள் குலுங்கியது.

"தெரியலீங்க" என்றாள்.

அவர் திரும்பவும் கேட்டார். திரும்பவும் தெரியலீங்க என்றாள். முனியம்மாள் ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதி தரையில் போயிற்று. சின்னதுரை ஸ்டாண்டை எடுக்காமலே வண்டியைக் கிளப்பி, தெருக்கோடி வரை தரையைத் தேய்த்துக்கொண்டு போனார். கன்னியம்மாள் எவ்வளவு கழுவியும் விரலில் சிவப்பு போகவில்லை.

மறுநாள் காலை அவள் கடையைத் திறக்கவில்லை. பட்டறைக்குப் பின்னால் அவர் சமைக்கும் அடுப்பில் அந்தச் சிவப்புக் கட்டையைச் செருகினாள். தீ பிடிக்காமல் புகை மட்டும் சூழ்ந்தது. சின்னதுரை இருமிக்கொண்டே ஓடிவந்தார்.

"முருங்க எங்கியாவது எரியுமா?" என்று கேட்டு அதை வெளியே இழுத்துப் போட்டாள். இடுப்பில் இடுக்கி வந்திருந்த புளியங்கட்டைகளை வைத்து ஊதினாள். தீ சீராக நின்றதும் இரண்டு பேருக்கு உலை வைத்தாள்.