நீச்சல் குளம் உள்ள அரசுக் கல்லூரி

எங்கள் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அதை உரக்கப் படிக்கும் உத்தியோகம், ஐந்தாம் வகுப்பில் இருந்த எனக்குத்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். அக்கா பிளஸ் டூ முடித்தவள்தான். ஆனால் அன்றைய காகிதம் அவளுடைய கல்லூரிச் சேர்க்கையைப் பற்றியது. தனக்குச் சாதகமாகப் படித்துவிடுவாள் என்று அத்தைக்குச் சந்தேகம். அப்பாவுக்கு மூத்தவரான அத்தை, அக்காவுக்கு மாப்பிள்ளையே பார்த்து வைத்திருந்தார். அதனால் நடுநிலையாளராக என்னைத் தூக்கி மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைமேல் உட்கார வைத்தார்கள்.

அதற்கு முன்பே, திண்டிவனத்தில் அக்கா படித்த பள்ளிக்கு வந்து ஒரு தனியார் கல்லூரிக்காரர்கள் வழுவழு புத்தகம் ஒன்றைக் கொடுத்துப் போயிருந்தார்கள். அதன்படி, படிப்பது என்றால் புல்வெளியில் உட்கார்ந்து சிரிப்பது. அந்தக் கல்லூரி எங்களுக்கு எட்டாது. ஆனாலும் இனிப்பான எழுத்து என்பதால் எனக்கு அது முழுக்க மனப்பாடம். இப்போது கையில் இருந்ததோ, விழுப்புரத்தில் அக்கா சேரத் துடித்த அரசுக் கல்லூரியின் விதிகள்; பிரவுசிங் சென்டரில் அச்செடுத்தது.

படித்தேன். “குறித்த நாளில் வராதவர்கள் உரிமை இழப்பர். தவறான தகவல் தந்தால் சேர்க்கை ரத்து செய்யப்படும். வருகை குறைந்தால் தேர்வெழுத அனுமதி இல்லை.”

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “இன்னாமா இது, போலீஸ் டேசன்ல மெரட்டற மாதிரி கீது?”

அத்தைக்கு வாயெல்லாம் பல். “அப்பவே சொன்னேன். அவ்ளோ தூரம் அனுப்பிட்டு, வயித்துல நெருப்பக் கட்டிக்கினு இருக்கணுமா?”

கதவோரம் நின்ற அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. எனக்குத் தாங்கவில்லை. காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வழுவழு புத்தகத்தை ஒப்பிக்க ஆரம்பித்தேன்.

“மாணவியரைப் பெற்ற மகளாய்ப் பேணும் பேராசிரியர்கள்! பசுமை கொஞ்சும் வளாகம்! பளிங்கு போன்ற நீச்சல் குளம்!”

“கவர்மெண்டுல நீச்சக் கொளமா?” என்றார் அத்தை.

“போட்டுக்கீதே, அத்த!”

“பெத்த பொண்ணு மாதிரி பாத்துக்குவாங்களாமே” என்று அப்பா இரண்டு முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு சம்மதித்துவிட்டார்.

சேர்க்கை நாளன்று அவரும் அக்காவும் விழுப்புரம் போனார்கள். நான் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குளம் இல்லையென்று தெரிந்தால் அத்தை என் தோலை உரிப்பார். அது பரவாயில்லை, அக்காவை நிறுத்திவிடுவார்.

சாயங்காலம் வாசலிலேயே அத்தை மறித்தார். “கொளம் கீதாடா?”

அப்பா நிதானமாகச் செருப்பைக் கழற்றினார். “கீதுக்கா. நம்ம ஏரி கணக்கா. பொண்ணுங்களுக்குத் தனி. சுத்தி மதிலு கட்டிக்கீறாங்க, ஆம்பள ஒருத்தன் எட்டிப் பாக்க முடியாது.”

அத்தை வழிவிட்டு ஒதுங்கினார். அக்கா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நானோ, படித்ததெல்லாம் உண்மையாகிவிட்டதென்று பூரித்துப்போய், என்னையும் அங்கே குளிக்கக் கூட்டிப்போகச் சொல்லி ஒரு மாதம் அவளைப் பிடுங்கி எடுத்தேன். அன்று அவர்கள் அங்கே பார்த்தது நாலு வேப்பமரமும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான் என்று அக்கா சொன்னது பல வருடம் கழித்து. அந்த மதிலை அப்பா கட்டியது அத்தையின் வாய்க்குக் குறுக்கே என்பது எனக்கு அப்போது புரியவில்லை.