டீச்சர் சொன்ன அவசரம்

நானும் அக்காவும் இரட்டையர். ஏழு நிமிட மூப்பை வைத்துக்கொண்டு அவள் ஏழு வருஷத்து அதிகாரம் செய்வாள். மலையாள நாட்டில், சாலைக் கடைவீதிக்குப் பின்னால் எங்கள் வீடு. தெருவே எங்களை ‘ரெட்டை’ என்றுதான் கூப்பிடும். எட்டாம் வகுப்பில்தான் எங்களைப் பிரித்தார்கள். மார்க் பார்த்து என்னை ஏ டிவிஷனிலும் அவளை சி டிவிஷனிலும் போட்டார்கள்.

மூன்று வாரம் பொறுத்துவிட்டு, அக்காவையும் ஏயில் போடச் சொல்லிக் கேட்க அம்மா என்னை அழைத்துக்கொண்டு டீச்சரிடம் போனாள். அம்மா திருநெல்வேலிக்காரி. மலையாளத்தைப் பாதி காதாலும் பாதி ஊகத்தாலும் சமாளிப்பவள்.

“வெள்ளியாழ்ச்ச ஒரு பரீட்சயுண்டு. ஜெயிச்சா ஏயில் இருத்தாம். அது கழிஞ்ஞா பின்னெ அவசரமில்லா” என்றார் டீச்சர்.

மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. அந்த வெள்ளிக்கிழமையை விட்டால் வேறு வாய்ப்பில்லை என்று அவர் சொன்னார். அம்மா காதில் விழுந்ததோ நம்முடைய அவசரம்.

“வெள்ளிக்கிழம பரீட்சையாம். விட்டா பெறகு எழுதிக்கிடலாம். ‘பின்னெ அவசரமில்லா’ன்னு டீச்சரே சொல்லிட்டாங்கல்லா!” என்று வீட்டில் அம்மா டீச்சரின் ராகத்திலேயே சொல்லிக் காட்டினாள். அந்த வெள்ளிக்கிழமைதான் ஊரில் மாமா மகள் கல்யாணம். ஏ டிவிஷன்காரி லீவு போடக் கூடாது என்று என்னை அப்பாவிடம் விட்டுவிட்டு அக்காவைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

நான் வாயைத் திறக்கவில்லை. ஏ டிவிஷனில் யாரும் என்னை ரெட்டை என்று கூப்பிடவில்லை. அந்தச் சுகம் எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. அக்கா மட்டும் தலையைத் தூக்கி என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, “கல்யாணத்துக்குப் பச்சப் பாவாடையாம்மா, நீலமா?” என்று கேட்டாள்.

திங்கட்கிழமை டீச்சர் கையை விரித்துவிட்டார். பத்தாம் வகுப்புவரை அக்கா சியிலேயே இருந்தாள். அதற்கு மேல் படிக்கவில்லை. டீச்சர் பேச்சு மாறிவிட்டதாக அம்மா இன்றும் திட்டுகிறாள். நானோ, என் ஒருத்தியின் மௌனம்தான் அவளைக் கெடுத்தது என்று வெகுகாலம் அழுதிருக்கிறேன்.

ஆனால் அக்காவும் என்னோடு அதே பள்ளியில் மலையாளம் படித்தவள்தானே. அம்மா சொல்லிக் காட்டியபோதே அவளுக்கு அர்த்தம் தெரிந்திருக்கும். சி டிவிஷனில் இருந்த மூன்றே வாரத்தில், தன்னால் ஜெயிக்க முடியாது என்று அவள் நம்பிவிட்டிருந்தாள். அன்று அது எனக்குப் புரியவில்லை. நீலம்தான் நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டு நான் படிக்கப் போய்விட்டேன்.