போகியன்று கொட்டிய பூஞ்சை

சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு தென்னைகள் இருந்தன. ஒன்றைக் காண்டாமிருக வண்டு குருத்தோடு குடைந்து சாகடித்துவிட்டது. மற்றதிலும் விரிகிற மட்டையெல்லாம் கத்தரியால் வெட்டினாற்போல் வந்தது. அது, நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த வருஷம் என் கணவர் தன் கையால் நட்ட மரம்.

"அடுத்த குருத்தயும் துன்னுச்சுன்னா வெட்டிடலாம்க்கா. பக்கத்து வூட்டு மேல வுழுந்தா பேஜாரு" என்றார் மரம் ஏறுபவர்.

என் கணவர் மறுநாளே பூச்சிமருந்துக் கடைக்குப் போனார், கடைக்காரர் கைவிரித்துவிட்டார். அங்கிருந்து வேளாண்மை ஆபீஸுக்குப் போய் ஒரு பாக்கெட் பூஞ்சை வாங்கி வந்தார். வண்டு முட்டையிடுவது நம் எருக்குழியில்தான், அங்கே வளரும் புழுவை இந்தப் பூஞ்சை கொன்றுவிடும் என்றார். பாக்கெட் போதாது என்று, அதைப் பெருக்குவதற்காக அரைவேக்காட்டு அரிசியை ஊறுகாய் பாட்டில்களில் அடைத்துக் குக்கரில் அவித்தார். ஆறியதும் பூஞ்சையைத் தூவி, பஞ்சால் மூடி ஸ்டோர் ரூமில் வைத்தார். காலமெல்லாம் ஃபைல் புரட்டிய மனுஷனுக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்ததோ!

எனக்குச் சுத்தம் என்றால் பைத்தியம். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது பார்த்தால், பாட்டில் முழுக்கப் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டி, வெந்நீர் விட்டுக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

"எல்லாம் கெட்டுப்போச்சுங்க. கொட்டிட்டேன்."

"பச்சையானாத்தான் பக்குவம்" என்றார் மெதுவாக.

"அத முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்று எரிந்து விழுந்தேன். தப்பு என்னுடையது, கோபமும் என்னுடையதே. அவர் உள்ளே போய், பாக்கெட்டில் மிச்சமிருந்ததைப் பெருக்க மறுபடியும் அரிசி களைந்தார்.

இரண்டாம் தடவை வளர்ந்ததை எருக்குழியில் கலந்தோம். சில வாரம் கழித்து நான்தான் குழியைக் கிளறினேன். கட்டைவிரல் பருமனுக்கு ஒரு புழு விறைத்துக் கிடந்தது. உடம்பெல்லாம் வெள்ளை, அதன்மேல் பச்சை படர ஆரம்பித்திருந்தது. கண்ணுக்கே தெரியாத ஒரு வித்து, பூச்சிமருந்துக் கடைக்காரர் கைவிரித்த வேலையைச் சத்தமில்லாமல் செய்திருந்தது. எனக்கு அருவருப்பே வரவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க மரியாதைதான் வந்தது. உள்ளங்கையில் வைத்து என் கணவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"குருத்து வரட்டும்" என்றார்.

மாதங்கள் போயின. மரம் ஏறுபவர் வந்தார். அவர் மேலே ஏறி உச்சியைத் தொடும்வரை நாங்கள் இரண்டு பேரும் கீழே அண்ணாந்து பார்த்தபடி நின்றோம்.

"அக்கா, குருத்து முழுசா கீது. ஒரு ஓட்ட இல்ல. வெட்டுற வேலையே இல்ல."

திரும்பிப் பார்த்தேன். என் கணவர் மரத்தில் உள்ளங்கையை வைத்து, முகத்தை எனக்குக் காட்டாமல் நின்றிருந்தார். தோள் குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. மன்னிப்புக் கேட்டு எனக்கும் பழக்கமில்லை. அன்று இரண்டும் நடந்தன.